பதிகம் கேட்ட பாத்திரக்கடைக்காரர்

காரைக்கால் கடைத்தெருவிலிருந்த அந்தப் பாத்திரக்கடைக்காரர் எதையும் விரலால் தட்டி, கண்மூடி ஓசை கேட்ட பின்னரே விற்பார். கோயிலில் நான் ஓதுவதை அறிந்தவர். காலை பஸ்ஸுக்குமுன் வீட்டில் அத்தனை பேருக்கும் காபி ஆகவேண்டும் என்பதால், விரைவாக இறங்கும் ஃபில்டர் கேட்டேன்.

“தண்ணி ஊத்துறேன், ஒரு பதிகம் பாடுங்க. முடியறதுக்குள்ள எறங்கிடும்.”

மூன்றாம் பாட்டிலேயே தண்ணீர் இறங்கிற்று. அவர் கண்திறக்காததால் முழுவதும் ஓதிவிட்டு வாங்கி வந்தேன்.

மறுநாள் பதிகம் முடிந்தும் டிகாக்‌ஷன் இறங்கவில்லை. “இன்னொண்ணு பாடுங்க மாமா,” என்றாள் மருமகள். பஸ் போய்விட்டது.

கடைக்குத் திரும்பினேன்.

“நேத்து நாம பொடி போடலீங்களே,” என்றார் நிதானமாக. “வேற ஒண்ணு பாப்பம், பாடுங்க.”

இம்முறையும் தண்ணீரை மட்டுமே ஊற்றிக் கண்மூடினார். அவருக்கு வேண்டியது வியாபாரமா, பாட்டா என்பது இன்றும் விளங்கவில்லை. ஓதினேன்.