தவிட்டுக்கு விற்ற பிள்ளையின் ஞானஸ்நானம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இருபது வருடம் தலைவராக இருந்த என் அப்பா ஞானஸ்நானம் வாங்கியவர் என்பது, அவருக்கு எழுபது வயது தாண்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணப் பந்தி. அப்பாவுக்கு அடுத்த இலையில் ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மா. அப்பா பிறந்த லயத்து வீட்டு வரிசையில் மூன்றாவது வீட்டில் இருந்த கிறிஸ்தவக் குடும்பத்தின் மூத்த மகள் அவர். அப்பா இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாம்பாரைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்: "எங்கம்மா ஒனக்கு ஞானஸ்நானம் குடுக்க வச்சப்ப நான்தான் மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு நின்னேன். கீழ மாதா கோயில்ல போயி பாரு லா, புஸ்தகத்துல பேரு இருக்கும்."

அப்பா ரசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்துவிட்டார். "அக்காவுக்கு வயசாயி மூள கொழம்பிப் போச்சு" என்று வீடு வரைக்கும் புலம்பினார். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. புத்தகம் இருந்தால் பிறந்ததற்கு ஆதாரம் இருக்கிறது.

அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே நாற்பது வருடம் கொழுந்து நிறுத்தவர். ஆனால் பிறப்புப் பத்திரம் கிடையாது. குடியுரிமை கேட்டு மூன்று தடவை மனுப் போட்டார். மூன்று தடவையும் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். ஆள் முழுசாக எதிரில் வந்து நிற்பது அத்தாட்சி ஆகாதாம். தேர்தல் வந்தால் தோட்டத்துக் கிழடுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வாக்குச்சாவடியில் இறக்கிவிட்டு, இவர் மட்டும் வேலிக்கு வெளியே நிற்பார். கோப்பிக் கடையில் அரசியல் பேசினால், "ஒனக்குதான் ஓட்டே இல்லையே, ஒனக்கு எதுக்கு இந்தப் பேச்சு?" என்பார்கள். சாவதற்குள் ஒரு தடவையாவது விரலில் அந்த மையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு மேல் ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் கோலா தெர்லாவில் பூ வியாபாரம் செய்கிறேன். என் பொறுமையெல்லாம் வியாபாரத்திலேயே தீர்ந்துவிடும், வீட்டுக்கு மிஞ்சாது. மறு வாரமே அப்பாவைக் காரில் போட்டுக்கொண்டு மலையை விட்டுப் பேராக் பக்கம் இறங்கினேன். உள்ளே வர மாட்டேன் என்று வழிநெடுக முறுக்கிக்கொண்டு வந்தவர், அந்தப் பழைய தேவாலயத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினார். கதவருகே கிண்ணத்தில் இருந்த தண்ணீரைப் பார்த்ததும் கை தன்னால் போனது. மூன்று சொட்டு எடுத்து வாயில் விட்டுக்கொண்டு, மீதியைத் தலையில் தடவிக்கொண்டார். அது குடிப்பதற்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அப்படியே திரும்பிவிடுவார்.

தேவாலய அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா கரிபாப்பைத் தின்று முடித்து, கையைத் துடைத்துவிட்டுப் பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். எந்தப் புற்றில் எந்தப் பாம்போ என்று நான் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது. எங்கள் தோட்டத்தின் பெயர், பிறந்த தேதி, அப்பாவுக்குச் சூட்டிய ஒரு புனிதரின் பெயர். எல்லாம் சாய்ந்த லத்தீன் கையெழுத்தில்.

"தாயி பேரு?" என்று கேட்டார் அப்பா.

அந்த அம்மா வாசித்தார். அது மூன்றாவது வீட்டுக்காரியின் பெயர். தகப்பன் இடத்தில் அவள் புருஷன்.

"எங்கம்மா பேரு எங்கேம்மா?"

"இல்லீங்கையா. புஸ்தகத்துல உள்ளதத்தான் நான் எழுதித் தர முடியும்."

தாத்தா பெயரும்தான் இல்லை. அதைப் பற்றி அப்பா கேட்கவே இல்லை. கள்ளுக்கடையில் குடியிருந்த மனிதர் ஏட்டில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

எனக்கு விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. வீட்டில் பழைய கதையாகக் கேட்டதுதான். அப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் செத்துப்போயின. மூன்றாவதாவது தங்கட்டும் என்று, அவரைப் பெற்றவள் மூன்றாவது வீட்டுக்காரிக்கு இரண்டு படி தவிட்டுக்கு விற்றுவிட்டாள். நம் ஆட்களின் பழைய தந்திரம்தான். எமன் வந்தால் இது என் பிள்ளை இல்லை, போய் வேறு வீட்டில் பார் என்று சொல்லிவிடலாம். மற்றவர்களெல்லாம் தவிட்டைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பெற்றவளிடமே விட்டுச் சும்மா இருப்பார்கள். இங்கே வாங்கியவள் நியாயஸ்தி. வாங்கிய பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகவே நினைத்து, பாதிரிச் சாமியார் தோட்டத்துக்கு வந்த அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, தன் பெயரையும் எழுத வைத்துவிட்டாள்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். அப்பா அதைத் தொடவில்லை. "பெத்தவள இல்லேன்னு எழுதிக் குடுத்துத்தான் இந்த நாட்டுல நான் பொறந்தவன்னு காட்டணுமா? வேணாம்மா" என்றார். ஆபத்துக்குப் பாவமில்லை என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ காலம் வேலிக்கு வெளியதானே நின்னீங்க, இன்னமும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து, காலைக் கோப்பி குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். "எங்கம்மா சொன்ன பொய்ய எமனே நம்பிட்டான். ஆபீஸரு நம்ப மாட்டாரா? மனுவப் போடு."

போட்டோம். சிவப்பு அட்டைப் பதிவில் அவர் பெயரும் பெற்றோர் பெயரும் வேறாக இருந்ததற்கு, அதை எழுதிக் கொடுத்து என்றோ செத்துப்போன ஒரு தோட்டத்துக் கிராணியின் மேல் பழியைப் போட்டு, இவன் என் உடன்பிறந்த தம்பிதான் என்று ஈப்போ அக்கா சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். கூசாமல் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை வருடம் கழித்துக் குடியுரிமைச் சான்றிதழை வாங்க வரச் சொன்னார்கள். கொடுப்பதற்கு முன்னால் அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர், பிறந்த தோட்டம், எல்லாவற்றுக்கும் அப்பா 'யா' 'யா' என்றார். பிறகு மூன்றாவது வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லி, நீங்கள் இவருடைய மகன்தானே என்று மலாயில் கேட்டார். அப்பாவின் வாய் அடைத்துக்கொண்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் முதுகில் இடித்தேன்.

"யா" என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். சான்றிதழ் அவர் மடியில் இருந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆளுங்க முன்னால எங்கம்மா என்னைய மவனேன்னு கூப்பிட்டதே இல்ல. யாரு கேட்டாலும் மூணாவது வீட்டுப் புள்ளைம்பா. சாவுற வரைக்கும் அப்படித்தான். அவளுக்கு நெஞ்சு கல்லுன்னு நெனச்சிருந்தேன்" என்றார். "நான் ஒரு தடவதான் சொன்னேன். அதுக்கே தொண்ட அடைக்குது. அவ தெனமும் சொல்லியிருக்கா."