உட்கார்ந்தால் உள்ளே போகிற சோபா

கேஸ் சிலிண்டரை இறக்கிவிட்டு நிமிர்ந்தவரை என் மருமகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணே, உங்க வீட்டு சோபா பாழாப்போச்சுன்னு வைங்க. போன்ல என்னன்னு அடிச்சுத் தேடுவீங்க?"

"எங்க வீட்டுல சோபாவே இல்லையேம்மா."

"இருக்குன்னு வைங்கண்ணே."

அவருக்குச் சிரிப்பு. இவள் சிரிக்கவில்லை. தொழிலில் இருக்கும்போது சிரிக்க மாட்டாள்.

வீட்டில் இருந்தபடி கம்பெனிகளின் இணையப் பக்கங்களுக்கு எழுதிக்கொடுப்பது அவள் வேலை. ஜனங்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதிப் பொழுது போகும். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டாள் என்று என் மகன் சத்தியம் செய்கிறான். கிடைத்த பதிலை எங்கள் சோபா பட்டறையில் துணி வெட்டுகிற மேசை ஓரத்தில் சாக்கட்டியால் எழுதி வைப்பாள். கட்டிங் மாஸ்டருக்கு எரிச்சல். "எது அளவு, எது உன் எழுத்துன்னே தெரியல தாயி. ஒரு நாள் உன் எழுத்தோட சேத்து வெட்டிடுவேன்."

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஓர் ஊசி, ஒரு சுத்தியல், அவ்வளவுதான் முதல். இன்று இரண்டு கூடம் வைத்து சோபா பழுது பார்க்கிறேன். என் கைபட்ட சோபாவில் உட்கார்ந்த விருந்தாளி லேசில் எழுந்து போக மாட்டார். ஆகவே கடையின் இணையப் பக்கத்தை நானே சொல்லச் சொல்ல, வெளியாள் ஒருவர் எழுதினார். முதலில் என் வரலாறு. அப்புறம் அவர் யோசனைப்படி வரிக்கு வரி 'சிறந்த சோபா ரிப்பேர்'. எத்தனை தடவை வருகிறதோ அத்தனைக்குத் தேடலில் பக்கம் மேலே ஏறுமாம். ஏறவில்லை. தேடினால் எங்கோ பின்னால் கிடந்தது. போன் வாயைத் திறக்கவில்லை.

வேலை வரத்து இல்லாததால், இரண்டாம் கூடத்தை இந்த மாதக் கடைசியோடு பூட்டப்போவதாக அறிவித்தேன். அங்கே தைக்கிற அக்காவும் தங்கையும் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மருமகள் வந்து நின்றாள். "மாமா, அந்தப் பக்கத்தை என்கிட்ட விடுங்க. என்ன ஆகுதுன்னு பாக்குற வரைக்கும் கூடத்தைப் பூட்டாதீங்க."

விட்டேன். என் வரலாற்றை அடியோடு தூக்கிவிட்டாள். 'உட்கார்ந்தால் சோபா உள்ளே போகிறதா?' என்று தலைப்பு. கீழே ஏன் அப்படி ஆகிறது, ஸ்பிரிங்கா பஞ்சா என்று எப்படிப் பார்ப்பது, வீட்டுக்கே வந்து செய்வோமா, எல்லாம் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். 'சோபா ரிப்பேர்' என்ற சொல் தலைப்புக்கு அடுத்த வரியில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை.

"ரெண்டே தடவையா? கஞ்சத்தனம் பண்றியேம்மா."

"படிக்கிறவங்களுக்குச் சலிச்சா மூடிட்டுப் போயிடுவாங்க மாமா."

"சரி, என் பேரு எங்க?"

"கடைசியில, போன் நம்பர் பக்கத்துல இருக்கு. உங்க பேரைப் போட்டுத் தேடுறவங்களுக்கு உங்களை முன்னாடியே தெரியும். தெரியாதவங்கதானே இப்ப வரணும்?"

இப்படி முகத்துக்கு நேரே பேசுகிறவளைத் தேடிப்பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. "இது அடுப்புல வச்ச பால் இல்ல மாமா, பொங்குதான்னு நின்னு பாக்க" என்றாள். மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

நேற்று மதியம் போன் அடித்தது. யாரோ ஒரு அம்மா. "சார், சோபாவுல உக்காந்தா உள்ள போகுதுன்னு தேடினேன், உங்க கடை வந்துச்சு. எங்க லாட்ஜுல ஒரு மாடி முழுக்க அப்படித்தான் கெடக்கு. வந்து பாப்பீங்களா?"

"அம்மா, நீங்க யார்கிட்ட பேசுறீங்க தெரியுமா? வெறும் சுத்தியலோட ஆரம்பிச்சு..." என்று நான் தொடங்கினேன்.

மருமகள் என் காதிலிருந்து போனை மெதுவாக எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டாம் கூடத்துக்குள் நடந்து, அக்கா தங்கை இருவரின் தையல் மெஷின்களுக்கும் நடுவே அதை வைத்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றாள், "மொத்தம் எத்தனை சோபா?"