மதிலடியில் ஒரு குதிக்கால் கோடு

"அப்பா என்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகேன் பிடிக்கேல்ல?"

ஐந்து வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அதை அவளிடம் சொல்லலாமா, கூடாதா என்பதுதான் தெரியவில்லை.

என் கணவர் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளர். திருகோணமலைக் கடற்கரை மணலில் பாய்ந்து பழகியவர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கொழும்புக் கழகம் ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. அன்று முதல் அதுதான் அவருடைய தொழில். நடுவில் மாலைதீவிலும் ஒரு பருவம் விளையாடினார். வேறு வேலை எதுவும் அவர் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்குமுன் கோலின் நடுவில் நின்று, குதிக்காலால் முன்னோக்கி நேராக ஒரு கோடு கீறுவார். பந்து வரும்போது திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்காது. கோட்டைப் பார்த்தால் கோலின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும் என்பார்.

எங்கள் வீட்டு முன்மதில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. மகள் அதில் ஏறி நிற்பாள். அவர் கீழே மண்ணில் அதே மாதிரி ஒரு கோடு கீறிவிட்டுக் கைகளை விரிப்பார். "அப்பா, பிடி!" என்று பாய்வாள். ஒருநாளும் தவறியதில்லை. ஆனாலும் நான் சமையலை விட்டுவிட்டுக் குசினி யன்னலால் எட்டி ஒவ்வொரு தடவையும் "கவனம்!" என்று கத்துவேன்.

"நீர் ஏன் பயப்படுறீர்? இது என்ர தொழிலப்பா," என்று சிரிப்பார்.

போன பருவம் முடிந்து அவர் ஊருக்கு வந்திருந்தபோது மூதூரில் ஒரு சுற்றுப்போட்டி நடந்தது. கொழும்புக் கழகத்தோடு உள்ள ஒப்பந்தப்படி அவர் வெளியில் விளையாடக் கூடாது. ஆனால் இங்கே பந்து பழகியவர்கள் விடுமுறையில் வந்தால் ஊர்க் கழகத்துக்கு ஓர் ஆட்டமாவது ஆடாமல் திரும்புவதில்லை. மறுத்தால், கொழும்புக்காரன் ஆகிவிட்டான் என்று கதை வரும். போனார். பந்தின் மேல் விழுந்து அதை அணைத்தபோது எதிரணிப் பொடியன் ஒருவனின் சப்பாத்துக் கால் அவருடைய இடது கண்ணில் பட்டது. வேண்டுமென்று உதைத்ததல்ல. வென்ற கிண்ணத்தோடு வீங்கிய முகத்தில் சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

வீக்கம் வற்றியது. பார்வை திரும்பவில்லை. கொழும்பில் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று மட்டக்களப்பில் ஒரு கண் வைத்தியரிடம் போனோம். விழித்திரை கிழிந்துவிட்டது, பிந்தி வந்திருக்கிறீர்கள் என்றார். மற்றக் கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், இனிப் பந்து வேண்டாம் என்றார்.

திரும்பி வந்த பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் என் காதோடு சொன்னார்.

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். பிள்ளைக்கும்."

"பிள்ளைக்குமா?"

"அவள் பள்ளியில ரீச்சருக்குச் சொல்லுவாள். ரீச்சருக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும், பிறகு கொழும்புக்குத் தெரியும். ஒற்றைக்கண் கீப்பரை ஆர் எடுப்பினம்?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சில வாரங்களில் ஊர்க் கழகத்தோடு பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். ஒரு பின்னேரம் மகளோடு நானும் மைதானத்துக்குப் போனேன். எங்கள் ஊருக்குள் திரிகிற மான்கள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கலைத்துவிட்டு விளையாடினார்கள். அவர் கீறிய கோட்டைக் கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அது நடுவில் இல்லை. வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தது. என் கண்தான் பிழையோ என்று நகர்ந்து நின்றும் பார்த்தேன். அதற்குள் இடப்பக்கத்தால் ஒரு பந்து சும்மா உருண்டு உள்ளே போனது.

"அண்ணை, மானெண்டு நினைச்சு விட்டிட்டியளோ? அது பந்து!" என்று பொடியன் ஒருவன் கத்தினான்.

"மானெண்டா பிடிச்சிருப்பனடா!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் கைதட்டிச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல மதில் விளையாட்டு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காரணம் கேட்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன். எப்போதும் மதிலின் நடுவிலிருந்துதான் பாய்வாள். அன்று துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பலைப் பார்க்க மதிலின் ஓரத்துக்கு நடந்தாள். அது அவருடைய இடப்பக்கம். அங்கிருந்தே "அப்பா, பிடி!" என்று பாய்ந்தாள். சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது அவள் நிலத்தில் கிடந்தாள்.

மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது. "கை வழுக்கிட்டுது," என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். வெளியே பார்த்தால் அவருடைய அந்தக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. அது தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றே மகள் நம்புகிறாள். என்னிடம் கேட்டுப் பதில் கிடைக்காததால் அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"நான்தான் பிழையாப் பாஞ்சிட்டன், என்னம்மா?"

இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் என்று கேட்டாள். அவர் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

இப்போது மாவுக்கட்டு கழற்றியாகிவிட்டது. காலையில் முற்றத்துக்கு வந்து பார்த்தால், மதிலடியில் குதிக்காலை இழுத்து இழுத்துக் கோடு கீறிக்கொண்டிருக்கிறாள். சரியில்லை என்று அழித்துவிட்டு மறுபடியும் கீறுகிறாள். கோடு நேராக இருந்தால் அப்பா பிடிப்பாராம்.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. "இந்த ஒரு பருவம் மட்டும். இப்ப விட ஏலாது," என்கிறார். மற்றக் கண்ணில் ஒரு சப்பாத்துப் பட்டால் என்று நான் தொடங்கினாலே எழுந்து போய்விடுகிறார். போகுமுன் ஒரு தடவை மதிலிலிருந்து பாய வேண்டும் என்று மகள் கேட்கிறாள். ஓம் என்று சொல்லியிருக்கிறார்.

பெயர் போடாமல் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அதுவும் சரியோ பிழையோ தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் போய்விடும். சொல்லாவிட்டால் பிழை தன்னுடையது என்றே பிள்ளை வளர்வாள், அவரும் இருக்கிற ஒரு கண்ணோடு கோலுக்குள் போய் நிற்பார். இப்படி ஒன்றைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள் என்று இந்தப் பத்திரிகை மூலம் எனக்கு எழுதுங்கள். அவர் பயணம் போகுமுன் தெரிந்தால் நல்லது.