சிலுவையிலிருந்து இறங்கிய அண்ணன்

அந்தப் பெரிய வெள்ளியன்று ஆலயத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில், சிலுவையின் மேல் இயேசு வேடத்தில் என் அண்ணன் நின்றான். கீழே போர்ச்சேவகர் வேடத்தில் அவனோடு லேத் பட்டறையில் வேலை பார்த்த நண்பர்கள் மூன்று பேர், நாடகம் எழுதிய உபதேசியார், முன்வரிசையில் உபவாசமிருந்த அம்மா, பக்கத்தில் நான், எங்களுக்குப் பின்னால் சபையார். அப்பா இல்லை. அவர் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் வேலைக்குப் போன எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அவன் நிற்கும் பலகை தாங்குமா, கை நுழைத்திருந்த கயிறு நழுவுமா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயத்துக்கு அண்ணன் வைத்திருந்த மருந்து சூப்பர் ஹீரோ கதைகள். பறக்கிறவன், சுவரேறுகிறவன், ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறவன். டி.வி.யில் பார்த்ததை நான் தூங்கும்வரை சொல்வான். எல்லாவற்றிலும் கடைசி நேரத்தில் ஆள் வந்துவிடும், அதற்காகத்தான் கேட்பேன். இயேசுவையும் நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம். கடல்மேல் நடந்தவர், புயலை அதட்டியவர் இல்லையா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேவகர்கள் கேலி செய்யும் கட்டம் வந்தது. நண்பர்கள் எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டுப் பட்டறைப் பேச்சுக்குப் போய்விட்டார்கள். “ஏனுங்க ராஜா, ஊருக்கெல்லாம் ஒத்தாசை பண்ணுனீங்க, இப்ப நீங்களே எறங்கி வாங்க பாக்கலாம்” என்றான் ஒருவன். கூட்டம் சிரித்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. வெறும் வயிறும் வெயிலும் போதாதென்று, தலை தொங்கிய மகனை வேறு பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே மண்ணில் சாய்ந்தாள்.

அண்ணன் குதித்துவிட்டான். தலையில் முள்முடியும் விலாவில் சிவப்புச் சாயமுமாக ஓடிவந்து அம்மாவைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டான். நாடகம் அத்தோடு நின்றது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் ஒருவன் வந்துவிட்டானே!

சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நடுங்கினேன். அம்மாவை விசாரித்துவிட்டு, “நீ எறங்குனது தப்பில்ல தம்பி. அவரு எறங்கல, அவ்வளவுதான்” என்றார்.

“அவரு அம்மாவும் கீழதானுங்கய்யா நின்னாங்க” என்றான் அண்ணன். “அவருக்கு எறங்கவும் முடியும். அப்புறம் எப்படீங்க மேலயே இருந்தாரு?”

உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

இப்போது அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடக்கிறது. அண்ணன் வளைகுடாவில் வெல்டிங் வேலையில் இருக்கிறான். அவன் சம்பளம் நின்றால் சிகிச்சையும் நின்றுவிடும். “ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு” என்று வீடியோவில் அவன் முகத்தைத் தடவுகிறாள் அம்மா. போன வாரம் அவள் கண்ணயர்ந்த பிறகு என்னிடம் சொன்னான்: “வந்தா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துப்போடுவாங்க அம்மணி. அன்னிக்குக் குதிச்சது சுலுவா இருந்துச்சு.”

இறங்காமல் இருந்தே நம்மைக் காத்தவர் இயேசு என்று விசுவாசிக்கிறேன். இருந்தும் என் பிள்ளைகள் டி.வி.யில் பறக்கிறவனைப் பார்க்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் திரும்ப வருவார் என்று பாடும் ஞாயிறுகளில் என் குரல்தான் முதலில் உடைகிறது.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழத்தான் போகும். சத்தம் கேட்டதும் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள் அம்மா. அதில் அவன் இல்லையென்று எனக்குத் தெரியும். திறந்துவிட்டு நானும் பார்க்கிறேன்.