மேட்டில் நிறுத்திய வண்டி

என் அப்பா இரண்டு மனிதர்களைச் செவ்வாய்க் கிரகத்தில் விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது அவர்கள் வண்டியோடு பள்ளத்துக்குள் கிடந்தார்கள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான நாலைந்து வருஷங்களில் ஒன்று அது. எந்த வருஷம் என்று நான் சொன்னால் அம்மா திருத்துவாள், எதற்கு வம்பு. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. நான் தினமும் படகேறி எர்ணாகுளம் போய்க் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருஷம். அப்பா கார்ப்பரேஷனில் இருபத்தொன்பது வருஷம் குப்பை லாரி ஓட்டிவிட்டு, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்ற டிரைவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் "லெஃப்ட் பாத்து, லெஃப்ட் பாத்து" என்பார். நான் கதவைச் சாத்தினால், "ஹேண்ட் பிரேக் போட்டியா?" என்பார். அம்மா ஒருநாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இந்த மனுசனுக்கு ஒரு வண்டி கொடுத்துத் தொலைங்களேன்" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

வண்டி கிடைத்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்த விளையாட்டு இருந்தது. ராக்கெட்டில் கிளம்பி, கிரகம் கிரகமாகப் போய், மெதுவாகத் தரையிறங்கி, உள்ளேயிருந்து ஒரு குட்டி வண்டியை வெளியே எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. புவியீர்ப்பு, எரிபொருள், வேகம் எல்லாம் நிஜத்தைப் போலவே கணக்குப் பார்க்கும். நான் நிலாவில் நான்கு கலங்களை நொறுக்கின பிறகுதான் ஐந்தாவதை உருப்படியாக இறக்கினேன். செவ்வாயில் இறங்கக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது.

அப்பா அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், வண்டி வெளியே வந்ததும், "மாறு மோளே, இது என் சோலி" என்று மகளான என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒப்பந்தம் அதுதான். இறக்குவது நான், ஓட்டுவது அவர். ஆறு சக்கரம், பின்னால் திறந்த தட்டு. முதல் நாளே வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டி. நம்ம பழைய லாரி மாதிரி முனகல" என்று சான்றிதழ் கொடுத்தார். ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். வளைவு வந்தால் உடம்பும் சேர்ந்து சாயும். அந்தச் சிவப்புப் பொட்டலில் எதிரே யார் வருவார்கள் என்று நினைத்தாரோ, ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் வாயாலேயே ஹாரன் அடிப்பார்.

இனி அந்த மேட்டு விஷயம். கார்த்திகையை ஒட்டி வரும் விருச்சிக மாதத்தில் காயல் ஏறி, ஓடை வழியாக எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதற்குப் பயந்து வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் முந்தின நாளே பாலத்து ஏற்றத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவார்கள். அப்பா இருபத்தொன்பது வருஷமும் லாரியை மேட்டில்தான் நிறுத்தினார். மழையோ வெயிலோ, வெள்ளம் வருமோ வராதோ, மேடு கண்டால் அங்கேதான். டயருக்கு அடியில் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு இறங்கிவிடுவார்.

அன்று செவ்வாயிலும் அதையே செய்தார். பெரிய பள்ளம் ஒன்றின் விளிம்பைப் பார்க்கப் போனவர், வண்டியை அந்த விளிம்பின் சரிவிலேயே நிறுத்தினார். விளையாட்டை மூடவும் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்குச் சாயா குடிக்கப் போய்விட்டார். அந்தக் கிரகத்தில் எடை குறைவு, பிடிமானமும் குறைவு. வண்டி மெல்ல மெல்ல வழுக்கி, அவர் ரெண்டாவது சாயா குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் கல்லூரியிலிருந்து வந்தபோது அப்பா திரைக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா சரிவுல நிறுத்துனீங்க?"

"கீழ நிறுத்தினா வெள்ளம் ஏறும்ல?"

"செவ்வாயில தண்ணியே கிடையாதுப்பா!"

"அது எனக்கு இப்பத்தானே தெரியும்? கல்லு வைக்க ஒரு பட்டன் கூட இல்ல. இதெல்லாம் ஒரு வண்டியா?"

முன்னால் போகும் பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுழன்றது, புழுதி பறந்தது, வண்டி பாதி ஏறி மறுபடி சறுக்கியது. திரையின் ஓரத்தில் ஆட்கள் இரண்டு என்று காட்டியது. அதற்குக் கீழே ஆக்சிஜன் நாற்பது சதவீதம். அந்த நாற்பதைப் பார்த்த பிறகு அப்பா மத்தியானம் வைத்திருந்த கப்பைக் கிழங்கைத் தொடவில்லை.

"அது சும்மா படம்பா. உள்ள ஆளெல்லாம் கிடையாது."

"ஆளில்லன்னா எதுக்கு மூச்சுக்குக் கணக்கு காட்டுறான்?" என்றார்.

அந்த வாரம்தான் என் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, புராஜெக்ட் எதுவும் ஓடாமல் போனது. வந்து பார்த்த கம்ப்யூட்டர் கடைச் சேட்டன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும், திங்கட்கிழமை காலையில் வந்து செய்து தருகிறேன் என்றார். என் புரோகிராம்களை நான் ஃப்ளாப்பிகளில் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்பாவிடம், "திங்கக்கிழமையோட எல்லாம் அழிஞ்சிடும். உங்க செவ்வாயும் சேர்த்து" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப அவனுங்க?"

"அவனுங்களும்தான்."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய விளையாட்டையும் ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருக்கலாம். அது பிடிக்கும் இடம் துளியூண்டு. எனக்கு அது நன்றாகவே தெரியும். நான் சொல்லவில்லை. மூன்று வாரமாக என் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார், புராஜெக்ட் கொடுக்கும் தேதி கழுத்துக்கு வந்துவிட்டது. ஒழியட்டும், இந்தச் சனியன் அழிந்தால்தான் எனக்கு விடிவு என்று நினைத்தேன். கெட்ட புத்திதான், வேறென்ன.

"குப்பைக் கிடங்குல ஆளை விட்டுட்டு வண்டி எடுத்த டிரைவருங்க உண்டு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "நான் எடுத்ததில்ல. ஒரு தரம் கூட இல்ல."

சனிக்கிழமை முழுக்க முயன்றார். ஏறும், சறுக்கும். ஏறும், சறுக்கும். அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு ஆறரை மணிக்கு அரை மணி நேரம் கரண்ட் போகும். ஒழுங்காக மூடி வைத்தால்தான் அந்த விளையாட்டு விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சாயங்காலம் முக்கால் பள்ளம் ஏறியிருந்தவரை, மணியைப் பார்க்காத குற்றத்துக்காகக் கரண்ட் மறுபடி அடியில் கொண்டுபோய்ப் போட்டது; ஆக்சிஜனும் பழைய நாற்பதுக்கே திரும்பியிருந்தது. அப்பா மலையாளத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அது இங்கே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோவிலுக்குப் போய் வந்து எல்லோர் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு. "ரெண்டு பேருக்கும் அர்ச்சனை பண்ணிட்டேன்" என்றாள்.

"எந்த ரெண்டு பேருக்கு?"

"அந்தப் பசங்களுக்குத்தான். பூசாரி பேரு, நட்சத்திரம் கேட்டாரு. தெரியாது சாமி, வெளியூர்ல வண்டி மாட்டிக்கிச்சின்னு சொன்னேன். டிரைவர் யாருன்னாரு. எங்க வீட்டுக்காரருன்னேன். அப்ப வந்துருவாங்கன்னுட்டாரு."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவர் நம்பிவிட்டாரே! மத்தியானம் வரை அந்தப் பள்ளத்தையே சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார்.

"முன் பக்கம் ஏறினா ஏறாது" என்றார். "கிடங்குல மழைச் சேத்துல இப்படித்தான். ரிவர்ஸ்ல ஏத்தணும். நேரா இல்ல, சுத்திச் சுத்தி. மோளே, நீ கிளீனரா நில்லு."

"நான் எங்க நிக்கறது?"

"வண்டிக்குப் பின்னாடி."

வண்டிக்குப் பின்னாடி என்றால் மேசைக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் பெட்டியை ஒட்டி. திரையில் பின்பக்கக் காட்சியை வைத்துக் கொடுத்தேன். அதை அவர் நம்பவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது இருபத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால்தான் பார்த்தார். அங்கே அடுக்களை வாசலில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்கு முறைக்கிறீங்க?"

"நீ விலகு, பள்ளம் தெரியல!"

ஆகத் திரையைப் பார்ப்பது என் வேலையானது. லாரிக்குப் பின்னால் நிற்கும் கிளீனர்கள் பாடுவதுபோல நானும் பாட வேண்டும். "வரட்டே, வரட்டே, லெஃப்ட் ஒடி, வரட்டே" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தட்ட வேண்டும். ரெண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்து. நான் முதலில் கூச்சப்பட்டு முனகினேன். "சத்தமா! டிரைவருக்குக் கேக்க வேண்டாமா?" என்று அதட்டினார். டிரைவர் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

வண்டி ஏறியது! பள்ளத்தின் சுவரை ஒட்டி, பின்பக்கமாக, நத்தை வேகத்தில் ஒரு சுற்று. அப்புறம் இன்னொரு சுற்று. ஆக்சிஜன் இருபதுக்கு வந்தது, பதினைந்துக்கு வந்தது. எப்போது என் எரிச்சல் போய்ப் பயம் வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு கட்டத்தில் சக்கரம் வழுக்கியபோது, "அய்யோ அப்பா, பசங்க!" என்று கத்தியது நான்தான். அம்மா தேங்காய் மூடியோடு வந்து நின்றுவிட்டாள். ஆக்சிஜன் ஆறு இருந்தபோது வண்டி விளிம்பைத் தாண்டிச் சமதளத்தில் நின்றது. நான் ஒரு தட்டு தட்டினேன். அப்பாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

தரையிறங்கிய கலம் கொஞ்ச தூரத்தில்தான் நின்றது. இருவரும் அதில் ஏறினார்கள். இனி என் வேலை. மேலே கிளப்பி, பூமியைப் பார்க்கத் திருப்பி, மாசக்கணக்கான பயணத்தைச் சீக்கிரம் முடிக்க நேரத்தை லட்சம் மடங்கு வேகத்தில் வைத்தேன்.

"லட்சமா? மெல்லப் போ மோளே, ஆளுங்க உள்ள இருக்காங்க!"

"ஆறரைக்குக் கரண்ட் போயிடும்பா."

அப்பா என் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பூமி வந்தது, வளர்ந்தது, பாராசூட் விரிந்தது. "கொச்சிப் பக்கமா இறக்கு, சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும்" என்றாள் அம்மா. அவ்வளவு குறி பார்க்க எனக்குத் தெரியாது. எந்தக் கடலோ, கடலில் விழுந்தது. கலம் மிதந்தது. ஆட்கள் இரண்டு. நான் ஒழுங்காக மூடிவிட்டுக் கையை எடுத்தேன், மூச்சு விட்டேன். கரண்ட் போனது.

அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக் கப்பையும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அப்பா இரண்டு நாள் சோற்றைச் சேர்த்துச் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அதை ஃப்ளாப்பியில எடுத்து வெச்சிருக்கலாம். திங்கக்கிழமைக்கு அப்புறமும் இருந்திருக்கும். நான் வேணும்னேதான் சொல்லல."

அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "தெரியும். அந்தக் கடைச் சேட்டன் அன்னிக்கே சொன்னான்."

"தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? என்னைத் தொண்டை கிழியக் கத்த விட்டு..."

"ஃப்ளாப்பில போட்டா மட்டும்? அப்பவும் அவனுங்க அந்தக் குழிக்குள்ளதானே இருப்பானுங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் கலங்கியது. இருட்டு நல்லதாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை கடைக்காரச் சேட்டன் வந்தார். எல்லாவற்றையும் அழிக்கலாமா, வேறு ஏதாவது எடுக்க வேண்டுமா என்று கேட்டு, விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார், குனிந்து பெட்டியை ஒருமுறை நோட்டம் விட்டார்.

"ஆளெல்லாம் எறங்கியாச்சு" என்று சொல்லி, உள்ளங்கையால் பெட்டியை ரெண்டு தட்டு தட்டினார்.