இரண்டு பெட்டிகளும் இருபது நிமிடங்களும்

2009இல் நான் வெம்பிளியில் ஓர் இலங்கைத் தமிழர் வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். படித்தது மின்பொறியியல், லண்டனில் பார்த்தது கணினி வேலை. மனைவிக்கு விசா வராததால் தனியாக இருந்தேன்.

வீட்டுக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஜெர்மனியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே வந்து தச்சு வேலை செய்துவந்தவர். பிள்ளைகள் இல்லை. அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவேன். ஆன்ட்டிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய். படியேற முடியாததால் கீழ்த்தளத்து முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் நாள் முழுவதும் உறுமிக்கொண்டிருக்கும். இலங்கையில் போர் முடிந்த அந்த வருடம் அவர்கள் தொலைக்காட்சியையே போடவில்லை. ஊர்ச் செய்தி கேட்டால் ஆன்ட்டிக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும்.

ஆன்ட்டி சிகரெட்டைத் தொட்டதே இல்லை. முப்பது வருடமாகப் புகைத்தவர் அங்கிள்தான். நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. அங்கிள் தனக்குள் ஒரு காரணத்தை முடிவு செய்து வைத்திருந்தார்.

தோட்டத்தில் நின்று புகைத்துவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றித்தான் உள்ளே வருவார். அப்படியும் அவர் கட்டிலை நெருங்கினால் ஆன்ட்டிக்கு இருமல் கிளம்பிவிடும். அதனால் வாசலோரம் ஒரு நாற்காலி போட்டு அங்கிருந்தபடியே பேசுவார். ஆன்ட்டியின் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. "என்ன சொன்னனீர்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பது மாடிவரை வரும்.

விட முயலாமல் இல்லை. கையில் ஒட்டும் பட்டை, நிகோடின் சூயிங்கம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் சிகரெட்டைப் போலவே இருந்த ஒரு வெள்ளைக் குழலை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீர் கரண்ட் படிச்சனீர்தானே. இந்த எலக்ட்ரிக் சிகரெட்டை ஒருக்காப் பாரும். காத்தை உறிஞ்சிற மாதிரிக் கிடக்கு. ஒண்டும் வருதில்லை."

பிரித்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பேட்டரி, பழ வாசனை சேர்த்த திரவத்தைச் சூடாக்கும் ஒரு கம்பிச்சுருள். பேட்டரி தீரத் தீரச் சூடு குறைந்து, புகையும் மெலிந்துவிடும். இணையத்தில் தேடியபோது, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற மாதிரிச் சிலர் வீட்டிலேயே பெட்டி செய்வது தெரிந்தது. நானும் ஒன்று செய்தேன். இரண்டு பேட்டரி, திருகுவதற்கு ஒரு குமிழ், அளவைக் காட்டுவதற்கு ஒரு சிறிய மீட்டர்.

ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு அளவாக வைத்துக் கொடுத்தேன். மூன்றரை வோல்ட்டில் உதட்டைப் பிதுக்கினார். ஐந்தில் முகத்தைச் சுளித்து, "கருகிப் போச்சு" என்றார். நாலு புள்ளி இரண்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓம் தம்பி. நாலு தசம் ரெண்டு. இதுதான் தொண்டையில பிடிக்குது."

அதை வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார். நெருப்பு தொடர்பான எதையும் ஆக்ஸிஜன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வழக்கம்போல வாசலில் நின்றவரை ஆன்ட்டி கை காட்டி அழைத்தார்.

"கிட்ட வாங்கோ. இன்னும் கிட்ட."

அவர் சட்டையை முகர்ந்து பார்த்தார். இருமல் வரவில்லை.

"சிகரெட் மணக்கேல்லை. ஏதோ பழ வாசம் வருது" என்றார்.

அங்கிள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து நான் தண்ணீர் எடுக்க வந்தபோது ஆன்ட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் மாடிக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆன்ட்டி குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. என் பெட்டிதான் சரியாக இல்லை. சீக்கிரம் சூடேறியது. திடீரென்று அளவு இறங்கிவிடும். அப்படி இறங்கிய ஒரு நாள் அங்கிள் வேலையிடத்தில் யாரிடமோ சிகரெட் வாங்கிப் புகைத்துவிட்டார். குளித்துவிட்டு வந்தும் வாசலிலேயே நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. அமெரிக்காவில் ஒருவர் செய்து விற்ற நல்ல பெட்டி ஒன்றைத் தருவித்தேன்.

அது அக்டோபரில் ஒரு மதியம் வந்து சேர்ந்தது. எனக்கோ இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆவல். கீழே அங்கிள் ஆன்ட்டியின் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இவவுக்கு நித்திரை வருது தம்பி. பிறகு பாப்பம்" என்றார்.

"ரெண்டே நிமிஷம் அங்கிள். பாத்துட்டு வந்துடலாம்."

"போங்கோ" என்றார் ஆன்ட்டி. "தம்பி ஆசையாக் கூப்பிடுறார்."

தோட்டத்துக்குப் போனோம். இரண்டையும் நாலு புள்ளி இரண்டில் வைத்தேன். என்னுடையதில் முதல் இழுப்பு நன்றாக இருந்து மூன்றாவதில் சப்பென்றாகிவிட்டது. புதியது பத்தாவது இழுப்பிலும் அப்படியே இருந்தது. அவர் கைக்கு ஒன்றாகப் பிடித்து மாற்றி மாற்றி இழுத்துச் சிரித்தார். நான் மீட்டரைக் காட்டிக் காட்டி விளக்கினேன். இரண்டு நிமிடம் இருபது நிமிடமாயிற்று.

உள்ளே போனபோது இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி தூங்குவதாகத்தான் நினைத்தேன்.

"இஞ்சாரும்" என்றார் அங்கிள். தோளைத் தொட்டு மறுபடியும், "இஞ்சாரும்."

மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அரைகுறையாகத் தேய்த்துவிட்டுப்போன அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸுக்கு நான்தான் அழைத்தேன்.

இந்த நோயில் இப்படி நடப்பதுண்டு, பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். அது அவருக்குச் சொன்னது. என் காதிலும் விழுந்தது, ஆனால் மனதுக்குள் போகவில்லை. அவருக்கு எதிரே வராமலிருக்க வேலைக்குச் சீக்கிரம் கிளம்பினேன். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"நான் அன்னைக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாது அங்கிள்."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"நான் இருவது நிமிசம் மட்டுமே வெளியில நிண்டனான்? முப்பது வருசம் தம்பி. கடைசி ரெண்டு மாசம்தான் அவவுக்குப் பக்கத்தில இருந்தன். அது உம்மாலதான். அழாதையும்."

நான் அழுதது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் மறுபடியும் சிகரெட்டுக்குத் திரும்பினார். இரண்டு பெட்டிகளையும் ஒரு துணியில் சுற்றி என்னிடமே தந்துவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் மனைவிக்கு விசா கிடைத்து, மோர்டனில் வீடு பிடித்தேன். சாமான்களை அவரே தன் வேனில் ஏற்றி வந்து இறக்கினார். கதவு சரியாக மூடவில்லை என்று கீலைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தார். தேநீர் குடித்துவிட்டு, "ரெண்டு பேருமா ஒரு நாளைக்குச் சாப்பிட வாருங்கோ" என்றார்.

ஒருமுறை போனோம். ஆட்டுக்கறியும் புட்டும் செய்து வைத்திருந்தார். அதன் பிறகு போகவில்லை. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். மோர்டனிலிருந்து வெம்பிளி தூரம் என்று மனைவியிடம் சொல்லிவந்தேன்.