மட்கார்டுக்குள் உப்பு முடிச்சு

வெளியே இருந்து பார்த்தால் அந்தக் காருக்கு ஒரு குறையும் தெரியாது. சிவப்பு நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது, எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிக்கு விற்றுவிட்டுப் போன வண்டி. கிராணியின் மகன் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். அப்பா காலமான பிறகு, லகாட் டவுனில் இருக்கும் என் கார் பட்டறைக்கு அதை இழுத்துக்கொண்டு வந்தான். நான் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தேன். தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

"நாலு பக்கமும் மட்கார்டு உள்பக்கம் போச்சு மச்சான். வெட்டி எடுத்துட்டுப் புதுசா செய்யணும்."

"செய்லா. முடிஞ்சதும் மொத ரவுண்டு நீயும் நானும்தான். பாகான் டத்தோ கடற்கரை வரைக்கும் போலாம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலையை எடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் காரின் பின்பக்கம்தான் பழக்கம். கிராணி ஓட்ட, பக்கத்தில் இவன் உட்கார்ந்திருக்க, புழுதியை எங்கள் மேல் இறைத்துவிட்டுப் போகும். கழுவி நிறுத்தியிருக்கும்போது கிட்டே போனால் கிராணி சத்தம் போடுவார்: "தூரப் போ, கண்ணு வைக்காத!" பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள், கிராணியும் போய்ச் சேர்ந்தார். அந்த இருக்கையில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. தலை நரைத்தவனுக்கு வரக்கூடிய ஆசையா இது என்று கேட்டால், ஆமாம், எனக்கு வந்தது.

சக்கரங்களைக் கழற்றி, உள்ளே காய்ந்து இறுகியிருந்த செம்மண்ணைச் சுரண்டினேன். இடது முன்சக்கரக் குழிவின் மூலையில், கம்பியில் கட்டி ஒரு கறுப்புத் துணி முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்தால் உப்பு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டு படிகாரம். மற்ற மூன்று குழிவிலும் அதேபோல ஒவ்வொன்று. இந்தத் துரு மழையும் சேறும் செய்த வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உப்பு கரைந்து வழிந்த தடத்திலேயே தகரம் அரித்திருந்தது. திருஷ்டி படக்கூடாது என்று கட்டிய முடிச்சுதான் காரைத் தின்றிருக்கிறது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தான்.

"அப்பா வேலைலா. மாசா மாசம் புதுசு மாத்துவாரு. லயத்து ஆளுங்க கண்ணு பொல்லாததும்பாரு." அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான். "உன்னச் சொல்லல மச்சான்."

வேறு யாரைச் சொன்னாராம்? அந்தக் காரை என்னளவுக்கு எவனும் பார்த்ததில்லை. அன்றைக்கே அதை ரோட்டில் தள்ளியிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி இல்லையே, பாகான் டத்தோவை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அட்டையில் அளவு வெட்டி, அதைத் தகட்டில் வரைந்து, மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தேன். வளைவு சரியாக வராமல் தூக்கி எறிந்த தகடுகள் ஒரு மூலையில் குவிந்தன. வெல்டிங் வைத்து, துரு பிடிக்காத பெயிண்ட் அடித்து, கல் தெறித்தாலும் தாங்குகிற கறுப்புப் பூச்சு பூசினேன். சக்கரத்தை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாத இடம் அது. இருந்தாலும் சொந்த வீட்டுக்குச் செய்வதுபோல் செய்தேன். இனிமேல் உப்பு மட்டும் வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பெரிதாகத் தலையாட்டினான்.

காரை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தான். நான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தேன். தேங்காய் உடைத்தார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவன் இடது முன்சக்கரத்தருகே குந்தினான். பாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்பு முடிச்சை எடுத்து, நான் பூசிய குழிவுக்குள் கையை விட்டான்.

"டேய், வேணாம்னு சொன்னேன்ல?"

"அவ கேக்க மாட்டேங்குறா மச்சான். இவ்ளோ அழகா இருக்கு, கண்ணு பட்டுரும்ல?"

பட்டறையில் அவர்கள் இரண்டு பேரையும் என்னையும் தவிர ஒரு ஆள் இல்லை.

மனைவி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். "இன்னொரு நாள் போலாம்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான். எலுமிச்சம்பழம் நசுங்கி என் வாசலில் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதுகிறேன்.

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. போன மாதம் போன் வந்தது.

"மச்சான், இடது பக்கம் மட்கார்டுல பெயிண்டு கொப்பளிக்குது. ஒரு தடவ வந்து பாரேன்."

"நான் பாக்கக் கூடாதுலா," என்றேன். "என் கண்ணு பட்டுரும்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை வைத்தேன்.